காலிக் கட்டங்களும் கடைசி பஸ்ஸும்

(சோளக்காட்டில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, மலருக்காக எழுதிக் கொடுக்கப்பட்டது.)



செயலாளர் என்னிடம், "உன் தொழில் அனுபவத்தைப் பத்து நிமிஷம் சொல்லுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் கோவையில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். எந்த மெஷினில் எந்த வேலை எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. அதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்பே நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் அதே வேலையை நான் ஓர் இசைப்பள்ளிக்குச் செய்து கொடுத்த கதையைச் சொல்கிறேன். பெருமைப்படும் கதை இல்லை. ஆனால் சோளக்காட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் இந்த மண்ணுக்கு ஒரு வணக்கம். இது வல்வில் ஓரி ஆண்ட மலை. செம்மேட்டில் அவன் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் வந்திருப்பீர்கள். புறநானூற்றில் 152ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. காட்டில் கண்ட வேட்டுவன் ஒருவன் முன்னால் பாடுவதற்காகத் தம்மோடு வந்தவர்களை அவர் தயார்ப்படுத்துகிறார். பாடப்போவது ஒருவர், முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கருவி. எதை எப்படி எடுப்பது என்பது வரைக்கும் சொல்கிறார். அந்த வேட்டுவன்தான் ஓரி. இலக்கியம் படித்தவர்கள் அதில் வேறு நயங்களைக் காண்பார்கள். எனக்கு அது ஒரு வேலைப் பங்கீடாகத்தான் தெரிகிறது. பத்துப் பேர் சேர்ந்து இசை செய்ய வேண்டுமானால், யார், எதை, எப்போது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

குருகுலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. குரு வீட்டில் இருப்பான் சீடன். விடியற்காலையில் எழுப்பினாலும் பாடம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குருவுக்குத் தோன்றினாலும் பாடம். பள்ளி, கல்லூரி என்று வந்த பிறகுதான் மணி அடிக்க வேண்டி வந்தது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1949இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி வந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். பிறகு திருவையாறு, மதுரை, கோவை. பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகளும் வந்தன. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்று வருஷச் சான்றிதழ்ப் படிப்பு. குரு வீட்டுத் திண்ணைக்கு வர வாய்ப்பே இல்லாதிருந்த பிள்ளைகளுக்கு இவற்றால் கதவு திறந்தது. ஆனால் கதவு திறந்தால் போதுமா? எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதும் இருக்கிறதே!

வெளிநாட்டிலும் இதே பாடுதான். 1770இல் சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை அறிஞர் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து இசைப்பள்ளி ஒன்றைப் போய்ப் பார்த்தார். மாடிப்படியில் ஒரு பையன் டிரம்பெட் ஊதுகிறான், அடுத்த படிக்கட்டில் ஒருவன் கொம்பு வாத்தியம். மேலே ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டு, அதற்கு மேல் வயலின்கள், நடுவே பாடுகிறவர்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பாட்டு, வேறு வேறு சுருதி. இடமும் நேரமும் போதாவிட்டால் இதுதான் கதி.

இனி என் கதைக்கு வருகிறேன்.

இந்த மலைக்குக் கீழே ஓர் ஊரில் சிறிய இசைப்பள்ளி ஒன்று இருந்தது. ஓர் அறக்கட்டளை நடத்தியது. பெயர் வேண்டாம், தப்பு செய்தது நான், பள்ளிக்கூடம் இல்லை. என் தாய்மாமா அதில் கௌரவச் செயலாளர். நாலு அறை, ஒரு கூடம், ஆறு ஆசிரியர்கள். 2015ஆம் வருஷம் மே மாத லீவில் ஊருக்கு வந்திருந்தேன். மாமா கூப்பிட்டார். "மாப்ளே, பெரிய கம்பெனியில பிளானிங் பண்றேங்கறே. நம்ம பள்ளிக்கூடத்து டைம் டேபிளைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடு. ரூம் பத்தலைன்னு வாத்தியாருங்க சண்டை போடறாங்க" என்றார்.

அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த எழுத்தர் அம்மா ஒருவர் இருந்தார். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, வாத்தியங்களின் இருப்புப் பதிவேடு, ரசீதுப் புத்தகம், தேர்வு விண்ணப்பம் எல்லாம் அவர் கையில்தான். கால அட்டவணையையும் அவரே போடுவார். நீள அக்கவுண்ட் நோட்டு ஒன்றில், பென்சிலால், அடித்து அடித்து எழுதியது. அதை என்னிடம் நீட்டினார். நான் புரட்டிப் பார்த்தேன். பாதிக் கட்டங்கள் காலி. தவில் ஒரு மூலையில், தேவாரம் ஒரு மூலையில். எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். "அம்மா, இவ்வளவு இடம் வீணாப் போகுதே" என்றேன். அவர், "பார்த்துச் செய்ங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளில் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இங்கே தம்பிகளுக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், மற்றவர்கள் மன்னிக்கவும். வகுப்புகள், ஆசிரியர்கள் இரண்டை மட்டும் வைத்து அட்டவணை போடுவது சுலபம். எந்த ஆசிரியருக்கும் எந்த வகுப்புக்கும் இருக்கிற பாடவேளைகளைவிட அதிக வேலை இல்லையென்றால் அட்டவணை கட்டாயம் அமையும். ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர் கோனிக் 1916இல் நிரூபித்த தேற்றத்திலிருந்து இது கிடைக்கிறது. ஆனால் "இவரால் இந்த வேளையில் வர முடியாது, அவரால் அந்த வேளையில் வர முடியாது" என்று சேர்த்தீர்களானால் கணக்கின் குணமே மாறிவிடும். ஈவன், இட்டாய், ஷமீர் என்ற மூவர் 1976இல் அதைக் காட்டினார்கள். அந்தக் கணக்கு என்.பி. முழுமை என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது, கட்டங்கள் பெருகப் பெருக, எல்லாச் சமயத்திலும் வேகமாக விடை தரும் வழி எதுவும் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கஷ்டமான கணக்கைச் சுலபமான கணக்காக மாற்றிக்கொண்டேன். யாரால் எப்போது வர முடியாது என்று கேட்கவே இல்லை. பள்ளி நேரம் பத்திலிருந்து நாலு. ஆகவே எல்லோரும் பத்திலிருந்து நாலு வரை இருப்பார்கள். தொழிற்சாலையில் மெஷின் அப்படித்தானே இருக்கிறது! காலிக் கட்டங்களை எல்லாம் நிரப்பினேன். தவில் சத்தம் மற்ற வகுப்புகளைக் கெடுக்கிறது என்று மாமா சொன்னதால், தவிலை மட்டும் காலை ஒன்பது மணிக்குத் தள்ளினேன், மற்றவர்கள் வருவதற்கு முன்பு முடிந்துவிடும் என்று. மத்தியானம் காலியாக இருந்த வேளைகளில் தவில் மாணவர்களுக்கு இசையியல் வகுப்பு. அழகாக அச்சடித்து, கலர் போட்டு, சுவரில் ஒட்டிவிட்டுக் கோவைக்குப் போய்விட்டேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்டு மாதம் மாமா போன் செய்தார். குரலில் சந்தோஷம் இல்லை. சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

குறைகள் ஒவ்வொன்றாக வந்தன. பெண் பிள்ளைகளின் குரலிசை வகுப்பு இரண்டைப் பக்கத்துப் பக்கத்து அறையில் போட்டிருந்தேன். ஒன்றில் ஐந்து கட்டை, இன்னொன்றில் ஐந்தரை. நடுவில் பலகைத் தடுப்பு. இரண்டு பக்கமும் சுருதி நிற்கவில்லை. ஒரு கட்டையும் ஐந்து கட்டையும் பக்கத்தில் இருந்தால்கூட ஒன்றின் பஞ்சமம் மற்றதற்கு ஆதார ஷட்ஜமாக ஒத்துப்போகும்; அரைக் கட்டை வித்தியாசம்தான் ஆளைக் கொல்லும். எழுத்தர் அம்மாவின் நோட்டில் அந்த இரண்டு வகுப்பும் ஒரே வேளையில் வந்ததே இல்லை.

அடுத்தது முகூர்த்த நாள். நாதஸ்வரம், தவில் படிக்கும் பையன்கள் பலர் வாசிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் வந்தால் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ துணையாகப் போவார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் அம்மாவின் மேஜையில் அட்டவணை நோட்டுக்குப் பக்கத்திலேயே பஞ்சாங்கம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் அந்த வகுப்புகளைக் கூட்டுவார், முகூர்த்த மாதங்களில் குறைப்பார். நான் வருஷம் முழுக்க ஒரே அட்டவணை போட்டிருந்தேன்.

மூன்றாவதைத்தான் சொல்லத் தயங்குகிறேன்.

தவில் இரண்டாம் வருஷத்தில் ஒரு பையன் இருந்தான். இந்தச் சோளக்காட்டுக்குப் பக்கத்துக் குக்கிராமம். மலையாளி இனத்துப் பிள்ளை, பதினாறு வயது. அவன் குடும்பத்தில் யாரும் தவிலைத் தொட்டவர்கள் இல்லை. மாரியம்மன் நோன்பில் கீழ்நாட்டு மேளம் வந்தபோது கேட்டுவிட்டு, அதையே கற்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்து சேர்ந்தவன். அவன் ஊரிலிருந்து நடந்து சோளக்காடு வந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, எழுபது வளைவும் இறங்கி, காரவள்ளி, சேந்தமங்கலம் என்று வந்து சேரும்போது ஒன்பதே முக்கால் ஆகிவிடும். என் அட்டவணையில் தவில் வகுப்பு ஒன்பது மணிக்கு.

தவில் வாத்தியார் இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு பதிவேட்டில் 'தாமதம்' என்று எழுத ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது; சுவரில் ஒட்டியிருந்ததைத்தானே அவர் பின்பற்ற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பையனுக்குச் சொந்தத் தவில் கிடையாது. பள்ளியில் இருந்த தவில் இரண்டு. அவன் சாதகம் செய்தது மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை, பின்கூடத்தில், யாருக்கும் வகுப்பு இல்லாத வேளையில். எழுத்தர் அம்மாவின் நோட்டில் காலியாக இருந்தது என்று நான் சிரித்தேனே, அந்தக் கட்டம்தான் அது. நான் அதில் இசையியல் வகுப்பைப் போட்டு நிரப்பிவிட்டேன். நாலு மணிக்கு மேல் தங்கவும் முடியாது. தங்கினால் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும்.

காலையில் பாடம் போயிற்று, மத்தியானம் சாதகம் போயிற்று. ஜூலைக் கடைசியோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

எழுத்தர் அம்மா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல பிள்ளைங்களுக்குப் பேரு இருக்குது, வகுப்பு இருக்குது. ஊரு கிடையாதா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. "ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார். உண்மைதானே. பாதிக் கட்டம் வீண் என்று சொன்னவனிடம் அவர் எதைச் சொல்வார்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறி இங்கே வந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பையன் தினமும் செய்த பயணத்தை முதன்முதலாகச் செய்தேன். பாதி மலையில் எனக்குத் தலை சுற்றியது. இந்தத் தூரத்தைத் தினமும் போய் வந்துவிட்டு ஒருவன் கையில் கூடு போட்டுத் தவில் வாசித்திருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தேன். அவனைத் தேடிக் கண்டுபிடித்தது இங்கே சோளக்காட்டில்தான். அன்னாசிப்பழ மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தினக்கூலி. என்னை யாரென்று சொன்னேன். "நேரம் ஒத்து வரலைங்க சார்" என்றான். அட்டவணை போட்டவன் நான்தான் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "மூட்டை ஏத்தணுங்க சார், வண்டி கிளம்பிடும்" என்று போய்விட்டான்.

அவன் உடனே திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லத்தான் ஆசை. வரவில்லை. வருகை நாட்கள் குறைந்துவிட்டதால் அந்த வருஷத் தேர்வுக்கு அவன் பெயரை அனுப்பவும் முடியாது. எழுத்தர் அம்மாதான் விடாமல் அவன் வீட்டுக்கு ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். 2016 ஜூனில் மறுபடி இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தான். என் கெட்டிக்காரத்தனத்துக்கு அவன் கொடுத்த விலை ஒரு வருஷம்.

இதற்கிடையில் நானும் அம்மாவும் உட்கார்ந்து அட்டவணையை மறுபடி போட்டோம். இந்தத் தடவை ஒரு முழு நாள் நான் எதுவும் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த ஊர், எந்த பஸ், சொந்த வாத்தியம் உண்டா, யார் வேலைக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல நாலு பக்கம் வந்தது. அதில் பாதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தவிலைப் பதினொரு மணிக்கு மாற்றி, வகுப்பைக் கட்டடத்தை விட்டுத் தள்ளிக் கொல்லைப்புறக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். மத்தியானக் காலிக் கட்டத்தில் 'சாதகம்' என்று மையால் எழுதினோம், இன்னொருவன் வந்து நிரப்பிவிடாமல் இருக்க. செய்முறைத் தேர்வுக்கும் அப்படியே. பாடுகிற பெண்ணுக்கு மிருதங்கம் வாசிப்பவன் அதே நாளில் தன் சொந்தத் தேர்வையும் எழுத வேண்டியவன். யாருக்கு யார் பக்கவாத்தியம் என்று எழுதிவிட்டுத்தான் நேரம் குறித்தோம். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவேளை. பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது ஓடுவதற்கு முன்பைவிட நேரம் பிடித்தது. இரண்டு கோரிக்கைகளை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. எவற்றை விடுவது என்று முடிவு செய்தது கம்ப்யூட்டர் இல்லை, அம்மா.

இப்போது இந்த வேலைக்கு இலவச மென்பொருளே கிடைக்கிறது. 'ஃபெட்' என்று ஒன்று 2002 முதல் இருக்கிறது. ஆசிரியருக்கு, மாணவர் குழுவுக்கு, அறைக்கு எந்த வேளை ஆகாது என்று குறிப்பதற்கு அதில் வசதியும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் எதை நிரப்புவது என்பதை ஓர் ஆள் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருக்குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். கால அட்டவணைக்கு வேண்டிய மூன்றும் வரிசையாக இருக்கின்றன: நம்மிடம் என்ன இருக்கிறது, எப்போது, எங்கே. அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் இசைப்பள்ளியின் எழுத்தர் நாற்காலிக்கும் அது பொருந்தும். மூன்றிலும் வரும் சொல் 'அறிதல்' என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நான் அறியாமலே செய்ய முயன்றவன்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் என்னைவிட நன்றாக புரோகிராம் எழுதுவீர்கள். கிராமத்துப் பள்ளி, நூலகம், கூட்டுறவுச் சங்கம், இசைப்பள்ளி என்று பல இடங்களில் இப்படி அலுவலக வேலைக்கு ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள். போய்ச் செய்து கொடுங்கள். ஆனால் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் அந்த அலுவலக அறையில் சும்மா உட்காருங்கள். பழைய நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், 'இது ஏன் காலி?' என்று அதை எழுதியவரிடமே கேளுங்கள். முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் சார்பில் நன்கொடை கொடுக்கிறோம், நல்லது. அதோடு வருஷத்துக்கு ஒரு வாரம் நம் நேரத்தையும் கொடுக்கலாம் என்று இந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் மகிழ்வேன்.

அந்தப் பையன் 2018இல் படிப்பை முடித்தான். எழுத்தர் அம்மா அதே வருஷம் ஓய்வு பெற்றார். அவர் வழியனுப்பு விழாவுக்குத் தவில் வாசித்தது அவன்தான், ஒரு காசு வாங்கவில்லை. இன்றைய கூட்டத்துக்கும் அவனை அழைக்க நினைத்துப் போன் செய்தேன். "சார், அன்னைக்கு முகூர்த்தமுங்க" என்றான். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் தேதி குறித்துவிட்டோம், செயலாளர் அவர்களே! அடுத்த முறை பார்த்துவிட்டுக் குறிப்போம்.